வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரு படலை

வீட்டு வளவுக்குள்ளேயே பட்டறை போட்டுத் தொழில் செய்யும் குடும்பத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையைப் பாதுகாப்பது எது? ஓட்டமாவடி, மீராவோடை, மாவடிச்சேனை, பிறைந்துறைச்சேனை என்று ஓட்டமாவடிப் பாலத்துக்கு இரு புறமும் யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: உம்மா பார்த்துக்கொள்வா. பிள்ளை கண்பார்வையில் இருக்க வேண்டும், கிட்டப் போகாதே என்று சொல்லி வளர்க்க வேண்டும். மீறி ஏதும் நடந்துவிட்டால், பார்க்காமல் விட்டவர் மேல் பழி. பாசத்தில் பிறந்த பதில்தான் அது. ஆனால் கடந்த ஐம்பது வருடங்களில் பல நாடுகளில் சேர்ந்திருக்கும் சான்றுகளோடு அது ஒத்துப்போகவில்லை. கண்காணிப்பையும் அறிவுரையையும் மட்டும் நம்பியிருக்கும் பாதுகாப்பு என்றாவது ஒருநாள் தவறும். வீட்டையும் பட்டறையையும் பிரிக்கும் ஒரு தடுப்பும், பூட்டுப் போட்ட ஒரு பெட்டியும், வேலை முடிந்ததும் நிறுத்தப்படும் ஒரு மெயின் சுவிட்சும்தான் யாருடைய களைப்பையும் கவனக்குறைவையும் தாண்டி நிற்பவை. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்.

இப்பகுதியின் பட்டறைகள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். கதவு, யன்னல், கட்டில், அலுமாரி செய்யும் தச்சுப் பட்டறை. கேற், கிறில் ஒட்டும் வெல்டிங் பட்டறை. மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் திருத்தும் இடம். வாவியிலும் கடலிலும் ஓடும் ஃபைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப் போடும் கொட்டில். வலைக்கு ஈயமணி வார்க்கும் அடுப்பு. இவற்றில் பலவற்றுக்குத் தனிக் கட்டடம் கிடையாது. வீதிப் பக்கமாகத் தகரக் கூரை இறக்கி, அதன் பின்னால் வீடும், பக்கவாட்டில் கிணறும் குசினியும் இருக்கும். எல்லாவற்றையும் சுற்றி ஒரே மதில். வீட்டிலிருந்து வீதிக்குப் போகும் வழியே பட்டறைக்குள்ளால் போவதும் உண்டு. 1956இல் தொடங்கிய வாழைச்சேனைக் காகித ஆலை போன்ற ஒரு தொழிற்சாலையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே வாயில் உண்டு, காவலாளி உண்டு, வேலை நேரம் உண்டு. மூன்று வயதுப் பிள்ளை இயந்திரத்துக்குக் கிட்ட வர வழியே இல்லை. வீட்டுப் பட்டறையில் இயந்திரம் சிறியதுதான், ஆனால் பிள்ளைக்கும் அதற்கும் இடையே பத்து அடிகூட இல்லை. அந்த இடைவெளியிலும் ஒரு தடுப்பு கிடையாது.

இதைப் பேசினால் முதலில் வரும் மறுப்பு, "நாங்களும் வாப்பாட பட்டறைக்குள்ளதான் வளர்ந்த, ஒண்டும் நடக்கல்ல" என்பது. ஒன்றும் நடக்காதவர்கள்தான் அப்படிச் சொல்ல முடியும். விரலை இழந்தவரும் கண்ணை இழந்தவரும் அந்த வாக்கியத்தைச் சொல்வதில்லை. ஆகவே அதை ஊரின் அனுபவம் என்று கொள்ள முடியாது. அதைவிட முக்கியமான விடயம், பட்டறை மாறிவிட்டது. கைவாளும் சீவுளியும் உளியும் கை அசைந்தால்தான் அசையும். கையை எடுத்தால் நின்றுவிடும். இன்று எல்லாப் பட்டறையிலும் இருக்கும் நாலு அங்குலக் கிரைண்டரின் தட்டு நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று வரை சுழல்கிறது. சுவிட்சை நிறுத்திய பிறகும் சில விநாடிகள் அது சுழன்றுகொண்டேதான் இருக்கும். முன்னுக்குத் தள்ளிவிட்டால் அப்படியே நிற்கும் சுவிட்ச் அதில் உண்டு. வேலை நடுவில் கரண்ட் போகிறது. தொழிலாளி சுவிட்சைப் பின்னுக்கு இழுக்க மறந்து, கிரைண்டரை நிலத்தில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறார். கரண்ட் வந்ததும் ஆளில்லாத இடத்தில் அது தானாகச் சுழன்று தரையில் துள்ளும். 2022 மார்ச்சில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்டில் இதைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. வெல்டிங்கிலும் இதே கதைதான். ஒட்டிய இரும்பு சில நிமிடங்களில் செந்நிறம் போய்க் கறுத்துவிடும். கறுத்துவிட்டால் ஆறிவிட்டது என்றுதான் பிள்ளை நினைக்கும். ஆனால் இரும்பு செந்நிறமாகத் தெரிவதற்கே ஏறத்தாழ ஐந்நூறு பாகை வெப்பம் வேண்டும். எழுபது பாகையில் தோல் ஒரு விநாடிக்குள் வெந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அத்தனை சூட்டையும் கண்ணால் பார்த்து அறிய முடியாது. இதைப் பிள்ளைக்குச் சொல்லிப் புரியவைக்கலாம் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இயந்திரத்தைவிட அதிகம் கவனிக்க வேண்டியவை போத்தல்கள் என்பது என் முடிவு. தின்னர், வார்னிஷ், மண்ணெண்ணெய், பற்றரி அசிட், ஃபைபர் பிசினை இறுகவைக்கும் கற்றலிஸ்ட் என்று எல்லாவற்றையும் பெரிய கேனில் வாங்கி, அன்றாட வேலைக்குச் சோடாப் போத்தலிலும் தண்ணீர்ப் போத்தலிலும் ஊற்றி வைப்பது நம் பட்டறைகளின் வழக்கம். தின்னரும் கற்றலிஸ்டும் பார்வைக்குத் தண்ணீர் மாதிரியே இருக்கும். வடமத்திய மாகாண வைத்தியசாலைகளில் சிறுவர் நஞ்சுபடுதலை ஆராய்ந்த இலங்கை வைத்தியர்கள், வீட்டு இரசாயனங்களில் மண்ணெண்ணெயையே முதன்மையாகக் கண்டார்கள். மண்ணெண்ணெயும் தின்னரும் வயிற்றைவிட நுரையீரலுக்குத்தான் பெரும் கேடு. குடிக்கும்போதோ வாந்தி எடுக்கும்போதோ ஒரு சிறு அளவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலே நுரையீரல் அழற்சி வந்துவிடும். அதனால்தான் இவற்றைக் குடித்த பிள்ளைக்கு வாந்தி வரவைக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் கொடுப்பதும் தொண்டைக்குள் விரல் விடுவதும் பிள்ளையைக் காப்பாற்றும் என்று நம்பி இன்றும் செய்யப்படுகின்றன. அவை நிலைமையை மோசமாக்கும். கற்றலிஸ்ட் வேறு வகை. அது வாயையும் உணவுக்குழாயையும் பொசுக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையையே பறிக்கும்.

போத்தல் விடயத்தில் அறிவுரை எவ்வளவு தூரம் போகும், பொருளில் செய்யும் மாற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தெளிவான சான்றுகள் உண்டு. கனடாவின் வின்ட்சர் நகரில் சிறுவர் வைத்தியர் ஹென்றி ப்ரோ, மருந்து குடித்து வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து, பெற்றோருக்குச் சொல்லியும் பயனில்லை என்று கண்டு, அழுத்தித் திருப்பினால் மட்டும் திறக்கும் மூடியை 1967இல் அறிமுகப்படுத்தச் செய்தார். அப்பகுதியில் பிள்ளைகள் மருந்தால் நஞ்சுபடுவது பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அமெரிக்கா 1970இல் இத்தகைய மூடியைச் சட்டமாக்கியது. நம் நிலைமைக்கு இன்னும் நெருக்கமான சான்று தென்னாபிரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே ஏழைக் குடும்பங்கள் நம்மைப் போலவே மண்ணெண்ணெயைக் குடிபானப் போத்தலில்தான் வைத்திருந்தன. பிள்ளை திறக்க முடியாத மூடியுள்ள கொள்கலன்களை வீடு வீடாக இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் வெளியான ஆய்வின்படி, கொடுத்த பகுதியில் மண்ணெண்ணெய் குடித்த பிள்ளைகளின் தொகை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அந்த மாதங்களில் தாய்மாரின் கவனம் இரட்டிப்பாகிவிடவில்லை. மாறியது மூடி மட்டுமே.

ஈயம் இன்னொரு வகை ஆபத்து. அது அன்றைக்கே எதையும் காட்டாது. வீச்சு வலைக்கும் தூண்டிலுக்கும் மணி வார்க்கப் பழைய பற்றரித் தகட்டை உருக்குவது மீன்பிடி ஊர்கள் எங்கும் நடப்பதுதான். ஈயம் 327 பாகையில் உருகும், சாதாரண விறகடுப்பே போதும். அதிலிருந்து வரும் புகையும் தூசும் நிலத்தில் படியும். தவழும் பிள்ளையின் கையில் ஒட்டி வாய்க்குப் போகும். வாப்பாவின் சாரத்தோடு வீட்டுக்குள்ளும் வரும். விழுங்கும் ஈயத்தைச் சிறு பிள்ளையின் உடல் பெரியவர் உடலைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். கொலம்பியாவின் கார்த்தஹேனா நகரில் வலைக்கு ஈயம் வார்க்கும் மீனவர் குடியிருப்புப் பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்தது. செனகல் நாட்டின் தலைநகருக்குப் பக்கத்திலுள்ள தியரோயேயில், பழைய பற்றரிகளிலிருந்து ஈயம் எடுத்த பகுதியில், 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 சிறுவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் உலக சுகாதார அமைப்பு அங்கே போய் ஆராய்ந்தது. மரணம் அரிதான முடிவு. மந்தமான படிப்பும் குலைந்த கவனமும்தான் பெரும்பான்மை. யுனிசெஃப்பும் பியூர் எர்த் அமைப்பும் 2020இல் வெளியிட்ட அறிக்கை, உலகச் சிறுவரில் மூவரில் ஒருவருக்கு, அதாவது 80 கோடி பேர் வரை, இரத்தத்தில் ஈயம் கவலைப்படவேண்டிய அளவில் இருப்பதாகச் சொல்கிறது. இலங்கையில் 2011இல் வர்த்தமானி மூலம் பெயிண்டில் ஈயத்துக்கு வரம்பு விதிக்கப்பட்டது. வீட்டு அடுப்பில் உருகும் ஈயத்தை எந்த வர்த்தமானியும் எட்டவில்லை. வளவுக்குள் ஈயம் உருக்குவதற்குத் தடுப்பு, பூட்டு எதுவும் பரிகாரமாகாது. பிள்ளை இருக்கும் வீட்டில் அது நடக்கவே கூடாது.

இனி, "உம்மா பார்த்துக்கொள்வா" என்ற பதிலுக்கு வருவோம். கண்காணிப்பு பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அது பலன் தரும் என்பதற்கு மிக வலுவான சான்றே பங்களாதேஷில் இருக்கிறது. அங்கே கிராமப்புறத்தில் ஒன்று முதல் நான்கு வயது வரையான பிள்ளைகள் குளங்களில் மூழ்கி இறப்பது பெரும்பாலும் காலை ஒன்பதுக்கும் பகல் ஒன்றுக்கும் இடையில், தாய் வீட்டு வேலையில் மூழ்கியிருக்கும் நேரத்தில். அந்த நேரத்துக்கு மட்டும் ஊரிலுள்ள ஒரு பெண்ணிடம் பிள்ளைகளைச் சேர்த்து ஒப்படைக்கும் பராமரிப்பு நிலையங்கள் நடத்தப்பட்டன. அங்கு சேர்ந்த பிள்ளைகளில் மூழ்கி இறப்பது எண்பது சதவீதத்துக்கு மேல் குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது, பலன் தந்தது வேறு எந்த வேலையும் இல்லாத ஒருவரின் கண்காணிப்பு என்பதுதான். சோறு வடித்து, தண்ணீர் அள்ளி, கைக்குழந்தைக்குப் பால் கொடுத்து, பட்டறைக்கு வரும் வாடிக்கையாளருக்கும் பதில் சொல்லும் ஒரு தாயிடம் அதே கண்காணிப்பை எதிர்பார்ப்பது அநியாயம். ஓட்டமாவடிப் பட்டறைகள் முழு வேகத்தில் ஓடுவதும் அதே காலை நேரத்தில்தான்.

அதே பங்களாதேஷ் ஆய்வுகளில் என் வாதத்துக்கு எதிரானது போலத் தோன்றும் ஒரு முடிவும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சில வீடுகளுக்குப் பிள்ளையை உள்ளே விட்டுவைக்கும் மரக்கூண்டு கொடுத்துப் பார்த்தார்கள். கூண்டு மட்டும் பெற்ற வீடுகளில் நிலையங்கள் தந்த பலன் தெளிவாகக் கிடைக்கவில்லை. அப்படியானால் தடுப்பு வேலை செய்யாதா? எதைத் தடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். கூண்டு பிள்ளையை அடைக்கிறது. நடக்கப் பழகிய பிள்ளை அதற்குள் அரை மணித்தியாலம் இராது, அழும். அழுத பிள்ளையைத் தாய் தூக்கி வெளியே விட்டுவிடுவாள். அடைக்க வேண்டியது ஆபத்தை. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வீட்டு நீச்சல் குளங்களைப் பற்றிச் செய்த ஆய்வுகள் இதைத் திருத்தமாகக் காட்டுகின்றன. முழுக் காணியையும் சுற்றி வேலி போட்ட வீடுகளைவிட, குளத்தை மட்டும் நான்கு பக்கமும் அடைத்து வீட்டிலிருந்து பிரித்த வீடுகளில் பிள்ளைகள் மூழ்குவது மிகவும் குறைவு. காணியைச் சுற்றிய வேலி அயல்வீட்டுப் பிள்ளையைக் காக்கும். சொந்தப் பிள்ளை ஏற்கனவே வேலிக்கு உள்ளே இருக்கிறது. ஒக்லண்ட் நகரில் வீட்டு வாகனப் பாதையில் அடிபட்ட பிள்ளைகளைப் பற்றி 1995இல் வந்த ஆய்வும் இதையே சொன்னது: விளையாடும் இடத்துக்கும் வாகனப் பாதைக்கும் நடுவே தடுப்பு இல்லாத வீடுகளில் ஆபத்து மூன்று மடங்குக்கு மேல். நம் ஊர் வளவுகளுக்கு மதில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆறடி மதிலும் இரும்புக் கேற்றும் கட்டக் கடன்கூடப் படுகிறோம். அந்த மதில் கள்வனைத் தடுக்கிறது, ஆட்டையும் மாட்டையும் தடுக்கிறது. பிள்ளையையும் கிரைண்டரையும் அது ஒன்றாக உள்ளே வைத்திருக்கிறது.

பொருளை மாற்றிப் பிள்ளையைக் காப்பது வெளிநாட்டு யோசனை என்று யாரும் எண்ண வேண்டாம். குப்பி விளக்கு விழுந்து எரிந்து வைத்தியசாலைக்கு வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்த இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, விளக்கைக் கவனமாக வையுங்கள் என்று சொல்வதோடு நிற்கவில்லை. தட்டையான இரு பக்கங்களும், பாரமான குள்ள உடலும், திருகு மூடியும் உள்ள 'சுதீப' விளக்கை 1990களின் தொடக்கத்தில் உருவாக்கினார். விழுந்தாலும் உருளாது, எண்ணெய் கொட்டாது. மிக மலிவான அந்த விளக்குக்கு 1998இல் ரோலக்ஸ் விருது கிடைத்தது. அண்மைய உதாரணம், இப்போது இலங்கையின் நியமமாகிவிட்ட 13 அம்பியர் சதுரமுனைப் பிளக். நீளமான நிலக்கம்பி முனை முதலில் நுழைந்தால்தான் மற்ற இரு துளைகளின் உள்மூடி திறக்கும். பிள்ளை ஆணியை விட்டால் திறக்காது. பழைய வட்டமுனைப் பொருத்துகளைப் பட்டறைகளில் இன்னும் வைத்திருப்பவர்கள் அவற்றை மாற்றிவிட வேண்டும்.

இவற்றைக் கொண்டு பார்த்தால் ஒரு வீட்டுப் பட்டறைக்கு என்ன வேண்டும்? முதலாவது ஒரு படலை. நீச்சல் குளத்துக்கு அவுஸ்திரேலியா வகுத்த அளவுகள் இங்கும் பொருந்தும்: உயரம் குறைந்தது நான்கடி, கம்பிகளுக்கிடையே நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது, பிள்ளை ஏணி போல ஏறாதபடி கம்பிகள் நெடுக்காக நிற்க வேண்டும், குறுக்காக அல்ல, கொண்டி ஐந்தடி உயரத்தில், கையை விட்டதும் தானாக மூடும் சுருள்வில். தானாக மூடுவது எல்லாவற்றையும்விட முக்கியம், ஏனென்றால் மரம் தூக்கிக்கொண்டு போகிறவர் திரும்பி நின்று படலையைச் சாத்தமாட்டார். இரண்டாவது, போத்தல்களுக்குப் பூட்டுப் போட்ட ஓர் இரும்புப் பெட்டி, குடிபானப் போத்தலில் எதையும் ஊற்றுவதில்லை என்ற கட்டாயம். மூன்றாவது, பட்டறை மின்சாரத்துக்குத் தனியாக ஒரு மெயின் சுவிட்ச். தேநீருக்குப் போனாலும் தொழுகைக்குப் போனாலும் அதை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது மின்கசிவைத்தான் கண்டு துண்டிக்கும். பிள்ளை கிரைண்டரை இயக்கினால் அதற்குத் தெரியாது. மரத்தூளைக் கூட்டுவது, சூடான இரும்பை மணல் வாளியில் போடுவது, வேலைச் சாரத்தை மாற்றிக்கொண்டு வீட்டுக்குள் வருவது எல்லாம் இவற்றுக்குப் பின்னால் வரட்டும்.

இடமில்லை, காசில்லை என்ற மறுப்பு நேர்மையானது. ஆனால் படலைக்கு இடம் தேவையில்லை. இருக்கும் தகரக் கொட்டிலின் திறந்த பக்கத்தை அடைத்தாலே போதும். தச்சுப் பட்டறையில் மிஞ்சும் சட்டங்களும் வெல்டிங் பட்டறையில் மிஞ்சும் கம்பிகளும் அதற்குப் போதும். பிள்ளை தொழிலைப் பார்த்துத்தானே பழக வேண்டும் என்பது இன்னொரு மறுப்பு. கம்பிப் படலைக்கூடாகப் பார்ப்பதும் பார்வைதான். மூன்று வயதுப் பிள்ளைக்கு மரத்துண்டும் மண்தாளும் கொடுத்து வீட்டுப் பக்கத்தில் இருத்தினால் அதுவும் பழகும். இயந்திரத்தில் வேலை பழக்குவதற்கு வயது உண்டு. வேலைக்கமர்த்தும் குறைந்த வயதை இலங்கை 2021இல் பதினாறாக உயர்த்தியது காரணமில்லாமல் அல்ல. இன்னும் சிலர் விதியைச் சொல்வார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மீது தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியையும், இரவில் விளக்கை அணைத்துப் பாத்திரங்களை மூடி வைக்கச் சொன்ன நபிமொழியையும் குத்பாக்களில் கேட்டு வளர்ந்த ஊர் இது. படலையைச் சாத்துவது அந்தப் போதனைக்குள் அடங்கும்.

எல்லாவற்றையும் குடும்பத்தின் தலையில் போட்டுவிடுவதும் சரியல்ல. 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளியைப் பார்க்கிறது. மரவேலை, வாகனத் திருத்தம் போன்ற சிறுதொழில்களுக்கு உள்ளூராட்சி மன்றம் வழங்கும் சுற்றாடல் அனுமதிப்பத்திரம் சத்தம், புகை, கழிவு என்று அயலவரைப் பார்க்கிறது. சிறுவர் தொழில் சட்டம் வேலை செய்யும் பிள்ளையைப் பார்க்கிறது. பட்டறை ஓரத்தில் சும்மா விளையாடும் அந்த வீட்டுப் பிள்ளையை இவற்றில் எதுவும் பார்ப்பதில்லை. இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. வருடாந்த வியாபார அனுமதிப்பத்திரம் கொடுக்கும்போது, பட்டறை வீட்டு வளவுக்குள் இருக்கிறதா, இருந்தால் நடுவே தடுப்பு உண்டா என்று படிவத்தில் ஒரு வரி சேர்க்கக் கோறளைப்பற்று மேற்குப் பிரதேச சபையால் முடியும். பிறந்த குழந்தையைப் பார்க்க வீட்டுக்கே வரும் குடும்ப நல உத்தியோகத்தரும், வளவைப் பார்வையிடும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அதே கேள்வியைக் கேட்கலாம். பிள்ளை தவழத் தொடங்கும் முன்பே அந்தக் கேள்வி வீட்டுக்கு வந்துசேரும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் வர்த்தக சங்கமும் சேர்ந்து, பூட்டுள்ள இரும்புப் பெட்டிகளை மொத்தமாகச் செய்வித்துக் குறைந்த விலைக்குக் கொடுக்கலாம். தென்னாபிரிக்காவில் பலித்தது இங்கு பலிக்காமல் போகக் காரணம் எதுவும் இல்லை.

பட்டறை வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை எதையாவது குடித்துவிட்டால் வாந்தி வரவைக்காமல், போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்கு ஓடுங்கள், அல்லது 1990 அம்பியுலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். கண்ணில் தெறித்தால் முதலில் சுத்தத் தண்ணீரால் கால் மணித்தியாலமாவது கழுவுங்கள். ஆனால் அதற்கு முன்பே செய்ய வேண்டியது படலை. ஊரெல்லாம் கேற்றும் கிறிலும் செய்து கொடுக்கும் ஒட்டுனர்களும், கதவு செய்து கொடுக்கும் தச்சர்களும் அடுத்த ஓடருக்கு முன் தங்கள் வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே ஒன்றைச் செய்து மாட்டிக்கொள்ளட்டும்.